படுத்து எழும்பும் ஆட்டம்

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தேவாலயத்தின் பேஸ்மென்ட் கூடத்தில் பனிக்கால பூட்ஸைக் கழற்றிவிட்டு, மதுரைக்காரனான நானும் ஆட்ட வட்டத்தில் சேர்கிறேன். சுற்றிலும் பெரும்பாலும் போருக்குத் தப்பி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த மன்னார்ப் பெண்கள். வார நாட்களில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் ரெஜினா அக்காவின் மடியில் மத்தளம்.

கால்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் அக்கா ஓங்கி ஓர் அடி அடிக்கிறார். அத்தனை பேரும் தரையில் குப்புறப் படுத்துவிடுகிறார்கள். நான் மட்டும் தூக்கிய கையோடு நிற்கிறேன்.

"தம்பி, நீங்கள் செத்துப்போனியள்!" என்கிறார் அக்கா. கூடமே சிரிக்கிறது.

"ஷெல் விழேக்க இப்பிடித்தான் படுப்பம். இங்க வந்த பிறகும் ஆராவது கதவை அடிச்சுச் சாத்தினாலே படுத்திடுவம். பேந்து அதையும் ஆட்டத்தில சேர்த்திட்டம். மத்தளம் சொன்னால் மட்டும் படுக்கிறது, அடுத்த அடிக்கு எழும்பி ஆடுறது."

இனி நான் ஏமாறுவதாக இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு ஆடுகிறேன். டமார் என்று சத்தம் கேட்டதும் முதல் ஆளாகத் தரையில் விழுகிறேன்.

பக்கத்தில் யாரும் விழவில்லை. தலையைத் தூக்கினால், சுற்றிலும் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன.

"அது வெளியில பனி அள்ளுற லொறி, தம்பி" என்கிறார் ரெஜினா அக்கா, தாளம் விடாமல். "எழும்புங்கோ."