கதிரையில் இருந்து எடுத்த கலியாணப் படங்கள்

கலியாணப் படம் எடுக்கிறவனுக்குக் கமராவை விட முக்கியம் கால். விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை நிற்க வேண்டும். என்னைப்போல நாட்பட்ட களைப்பு நோயோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

குறையில்லாத ரிப்போர்ட்

இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, களைப்புப் போகவில்லை. இரவு முழுக்க நித்திரை கொண்டு எழும்பினாலும் அடித்துப் போட்டதுபோல இருக்கும். மணப்பெண்ணின் பெயரைக் கேட்ட கையோடு மறந்துவிடுவேன். இரத்தம் சோதித்தேன், ஒன்றிலும் குறையில்லை. என்னோடு வேலை செய்கிற ரிஸ்வான் நானா ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. அப்ப அந்த லைட் ஸ்டாண்டைத் தூக்குங்க தம்பி."

கொட்டாஞ்சேனைக் கலியாணம்

ஒரு நாள் உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. அதை நம்பிக் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணத்தை முழுதாக எடுத்தேன். அன்று உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் பல் விளக்கக் கை எழவில்லை. யன்னல் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தியது. அந்தக் கிழமை முழுக்கப் படுக்கைதான். படம் எப்போது வரும் என்று கேட்டு மாப்பிள்ளை போன் எடுத்தார். உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணை, கலியாணம் கட்டினது நான். களைச்சுப்போனது நீங்களோ?"

பெயர் தெரிந்த நாள்

நோய்க்குப் பெயர் சொன்னது பம்பலப்பிட்டியில் ஒரு டொக்டர். முற்றாகச் சுகமாக்க மருந்தில்லை, ஆனால் அளவறிந்து வாழலாம் என்றார். மற்றவர்கள் களைத்த பிறகு ஆறுவார்கள். நாங்கள் களைக்க முதலே நிறுத்த வேண்டும். நல்லாயிருக்கிற நாளில்தான் கூடக் கவனம் வேண்டும். என் நோயை ஒருவர் நம்பியதே எனக்குப் பாதி பலம் தந்தது. எத்தனை கலியாணம் எடுக்கலாம் என்று கேட்டேன்.

"விழாமல் எடுக்கக்கூடிய அளவுக்கு எடுங்கோ."

கதிரை

இப்போது திகதி கொடுக்கும்போதே நோயைச் சொல்லிவிடுகிறேன்: முகூர்த்தம் நான், மிச்சம் ரிஸ்வான் நானா, நான் கதிரையில் இருந்துதான் எடுப்பேன். சிலர் வேறு ஆளைப் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும்.

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் முதன்முதலாக மணவறைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். பெண்ணின் தகப்பனுக்கு முகம் கறுத்தது. நான் எழும்பவில்லை. தாலி கட்டும் படம் அருமையாக விழுந்தது. எல்லாம் முடிந்ததும், எனக்குப் பின்னால் இருந்த பெண்ணின் பெரியம்மா எழும்பி வந்தார்.

"எந்தக் கலியாணத்திலயும் படமெடுக்கிற உங்கட ஆக்களின்ர முதுகுதான் தம்பி தெரியும். தாலி கட்டினதை நான் கண்ணால கண்டது இண்டைக்குத்தான்."

நோய் இன்னும் என்னோடுதான் குடியிருக்கிறது, ஆனால் புக்கிங் எடுக்கிறது நான்தான்.