எழுந்து நிற்கவைத்த மாத்திரை

முதலில் கைதான் தளர்ந்தது. மலாயாவில் பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்த (பாலுக்காகப் பட்டையைச் சீவுவது) என் வீட்டுக்காரர், ஜப்பான்காரன் வந்தபின் மரவள்ளிக்குக் குழி தோண்டினார். முறைக்காய்ச்சல் (மலேரியா) விட்டும் அசதி விடவில்லை. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் இரண்டு முறை உட்காருவார். நான் நல்லவள் இல்லை. சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் (டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பவர்) அவர் பெயரை நோயாளிப் பட்டியலில் எழுதினார். வேலைக்குப் போகாதவருக்கு அரிசி கிடையாது. என் பங்கைக் கஞ்சியாக்கி இருவரும் குடித்தோம். கஞ்சியில் சோற்றைத் தேட வேண்டியிருந்தது.

ஒருநாள் டிரசரிடம் சண்டைக்கே போய்விட்டேன். ஆளை எழுப்பிவிட ஏதாவது கொடுங்கள் என்றேன். ஜப்பான் ராணுவ டாக்டர் கொடுத்துவிட்டுப் போன மாத்திரைகளை (தூக்கத்தையும் அசதியையும் அடக்கிவைப்பவை) தயங்கித் தயங்கி எடுத்தார்.

"இது பலம் குடுக்காதும்மா. அசதி தெரியாம மறைக்கும், அவ்வளவுதான்."

மறைத்தால் போதும் என்று வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் பெரட்டில் (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) அவர் குரல் ஓங்கிக் கேட்டது. எல்லோருக்கும் முன்னால் நிரையை (தனக்குப் பிரித்துவிட்ட வரிசையை) முடித்தார். அரிசி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளினார்.

அந்த வாரமே சயாமில் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டான். நோயாளிகளை விட்டுவிட்டு, திடமானவர்களின் பெயரைக் கங்காணி கொடுத்தார். அதில் இவரும் இருந்தார். பழையபடி நோயாளிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி டிரசரின் காலில் விழுந்தேன்.

"நேத்து எல்லாருக்கும் முன்னால நெரை முடிச்சவரைச் சீக்காளின்னு நான் எப்படிம்மா எழுதுறது?"

ரயிலேறும்போது மிச்ச மாத்திரைகளை அவர் வேட்டி மடியில் முடிந்துவிட்டேன். அசந்து உட்கார்ந்தால் அடிப்பார்களே என்ற பயம்.

ஜப்பான் சண்டை முடிந்தபின், அவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர் வீடு தேடி வந்தார்.

"போய்ச் சேந்த பத்தாம் நாளு, அக்கா. மண்ணு சுமந்துகிட்டே விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. முடியலன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவருக்குச் சீக்குன்னு எங்களுக்கே தெரியாது."

உங்கள் வீட்டில் ஒருவர் எழ முடியவில்லை என்றால் நம்புங்கள். அவர் உடம்பு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

இப்போது அசதி வந்தால் போட்டது போட்டபடி படுத்துவிடுகிறேன். பெரட்டு மணி அடித்தாலும் அசைவதில்லை. உடம்பு எழும்போதுதான் எனக்கு விடிகிறது.