வெள்ளைச்செட்டைக்குக் கட்டிய மணி

பரந்தன் புறாக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்துக்குப் போகும் கூடையைத் திறந்துவிடுகிற ஆளுக்கு அந்தக் கூடைக்குள் சொந்தப் புறா ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் தன் புறாவுக்கு வாய்ப்பான நேரம் பார்த்துத் திறந்துவிடுவான் என்று மற்றவர்களுக்குப் பயம். புறாக்காரர்களைப் போலச் சந்தேகம் பிடித்த ஆட்கள் வேறெங்கும் இல்லை. பெண்சாதியை நம்பினாலும் பக்கத்துக் கூட்டுக்காரனை நம்பமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒருமனதாக நம்பிய ஒரே மனிதர் தில்லைநாதன்.

அவருக்கு அறுபதை எட்டப்போகிற வயது. தகப்பன் கரவெட்டியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். மகனுக்கும் அதே வயல், அதே வாய்க்கால். சின்ன வயதிலிருந்தே தில்லைநாதனுக்குப் புறாப் பைத்தியம். சண்டைக்காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, மூட்டை கட்டுவதற்கு முன்னம் கூட்டைத்தான் திறந்துவிட்டார். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, புறாவும் இல்லை. அதற்குப் பிறகு வளர்க்க மனம் வரவில்லை. வளர்க்காவிட்டால் ஆசை விட்டுப்போகுமா? கழகம் தொடங்கியபோது கூடை திறக்கிற வேலையை வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரான் புறாவுக்காக ஊர் ஊராகத் திரிகிற மனிசன் என்று அவர் மனைவி கமலாசனி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அந்தப் பங்குனியில் மாத்தறையிலிருந்து பந்தயம். நாட்டின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல். அங்கே கூடையைத் திறந்தால், முதலில் தன் கூட்டுக்கு வந்து சேர்கிற புறாவுக்குத்தான் வெற்றி. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் புறாக்களைக் கழகத்துக்குக் கொண்டுவந்து, செட்டை இறகில் முத்திரை குத்துவித்துக் கூடையில் விட்டார்கள். நிருஷனுடைய புறாவை மட்டும் தில்லைநாதனே வீட்டுக்குப் போய் வாங்கினார்.

நிருஷன் எழும்பி நடக்கமாட்டான். கடைசிச் சண்டையில், பள்ளிக்கூட வயதில், முதுகில் ஏறிய ஷெல் துண்டு அவனை இடுப்புக்குக் கீழே மரக்கட்டையாக்கிவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கஜனி அவனைக் கட்டினாள். தையல் மெசினை மிதித்து வீட்டைக் கொண்டு நடத்துகிறவளும் அவள்தான், கூடு கூட்டி, தீன் வைத்து, புறாக்களைப் பறக்கவிடுகிறவளும் அவள்தான். அவனுடைய கட்டில் யன்னலோரம். யன்னலுக்கு நேரே கூடு. வெளியிலிருந்து வரும் புறா கூட்டு வாசலில் தொங்கும் கம்பிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அந்தக் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, யன்னலால் இழுத்து, கட்டில் தலைமாட்டில் ஒரு மாட்டுமணியைத் தொங்கவிட்டிருந்தாள் கஜனி. பந்தயம் என்றால் மற்றப் புறாக்களை அடைத்துவைத்துவிடுவார்கள். மணி அடித்தால் வந்தது பந்தயப் புறா என்று அர்த்தம். கஜனி எங்கே நின்றாலும் போட்டதைப் போட்டபடி ஓடிவந்து, செட்டை முத்திரையைப் படம் எடுத்துக் கழகத்துக்கு அனுப்புவாள்.

அந்த முறை அவர்கள் கொடுத்தது வெள்ளைச்செட்டையை. சாம்பல் பேடு, ஒரு செட்டையில் மட்டும் வெள்ளை இறகு. குஞ்சு பொரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதுதான் விசயமே. சின்னக் குஞ்சை விட்டுவிட்டு வந்த தாய்ப்பேடு எங்கேயும் இறங்காது, தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு அடித்துக்கொண்டு வரும். அடுத்த கிழமை என்றால் குஞ்சு வளர்ந்துவிடும், அந்தத் தவிப்பும் போய்விடும். புறாக்காரர் எல்லாருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். பாவமென்று சொல்லிக்கொண்டே செய்வார்கள்.

கஜனிக்கு மனமில்லை. குஞ்சுகள் கண்கூடத் திறக்கவில்லை என்றாள். நிருஷன் தில்லைநாதனைப் பார்த்தான். படுக்கையிலேயே வயது போய்க்கொண்டிருக்கிற ஒருவன் அப்படிப் பார்த்தால் யாரால் தட்டமுடியும்?

"என்ர கையாலதான் விடுவன், பிள்ளை. பயப்பிடாதை, நான் பொறுப்பு" என்று சொல்லிப் புறாவை வாங்கினார்.

சனிக்கிழமை விடியற்காலை மாத்தறைக் கடற்கரையில் கூடைகளை இறக்கி வைத்தார்கள். கடற்பக்கம் வெளிச்சமாகத்தான் இருந்தது. வடக்கே, மலைப்பக்கம், வானம் சட்டியின் அடி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. தில்லைநாதனுக்கு அது பிடிக்கவில்லை. கழகத் தலைவர் பிரதாபனுக்குப் போன் எடுத்தார். பிரதாபன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கே துடைத்துவிட்ட மாதிரி வெளித்திருக்கு, சனம் எல்லாம் கூட்டடியில் காவல் நிக்குது, திறவுங்கோ அண்ணை என்றார். ஒரு நாள் பொறுக்கலாம்தான். பொறுத்தால் புறாக்களுக்கு வயிறு நிறையத் தீன் போடவேண்டும், வயிறு நிறைந்த புறா அவசரப்படாது. ஆனால் உண்மையில் தில்லைநாதனின் மனதில் நின்றது அதுவுமில்லை, பிரதாபனுமில்லை. தலைமாட்டில் மணியைக் கட்டிக்கொண்டு கிடக்கிற நிருஷன்தான். ஒவ்வொரு நாளும் போகப் போக வெள்ளைச்செட்டையின் தவிப்புக் குறைந்துவிடுமே என்று நினைத்தார். கூடையைத் திறந்தார்.

புறாக்கள் எழும்பின. வழமையாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திசை பிடிக்கிறவை, அன்று திரும்பத் திரும்பச் சுற்றின. போக விருப்பமில்லாதவை போலச் சுற்றிவிட்டு, அந்தக் கறுப்புக்குள்ளேயே போய் மறைந்தன.

அன்று பின்னேரம் வரை பரந்தனில் ஒரு கூட்டுக்கும் புறா வரவில்லை. பொழுதுபட நாலைந்து வந்து விழுந்தன, செட்டை நனைந்து, நெஞ்செலும்பு தெரிய. ஞாயிற்றுக்கிழமை இன்னும் சில. பிறகு இல்லை. கழகத்தின் வட்சப்பில் ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். திறவுங்கோ என்ற பிரதாபனே, அங்கத்தைய வானத்தை அங்கே நிற்கிறவர்தானே பார்க்கவேணும் என்று எழுதினார். எழுத அவருக்குக் கை கூசவில்லை. தில்லைநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறா இழந்தவர்களின் வீடு வீடாகப் போனார். சிலர் தேத்தண்ணி கொடுத்தார்கள், சிலர் படலையோடு நிறுத்தி அனுப்பினார்கள். எல்லா வீட்டுக்கும் போனவருக்கு நிருஷன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பமட்டும் மனம் துணியவில்லை. சைக்கிள் தானாகவே நேரே போய்விட்டது என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை கஜனியே வந்தாள். கமலாசனி கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை. இரண்டு குஞ்சில் ஒன்று செத்துப்போச்சு என்றாள். பகலில் தகப்பன் சேவல் சூடு கொடுக்கும், இராவில் தாய்தான் கொடுக்கவேண்டும். அதைச் சொல்ல அவள் வரவில்லை. நிருஷனுக்குப் படுக்கைப்புண் பெருத்துக் காய்ச்சல் ஏறிவிட்டது. பார்க்க வந்த நேர்ஸ், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் ஆள் தப்பாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா. அவனோ மணி அடிக்காமல் கட்டிலை விட்டு அசையமாட்டேன் என்கிறான். யன்னலைச் சாத்தவும் விடுகிறானில்லை.

"நான் சொல்லிக் கேக்கிறார் இல்லை, அண்ணை. நீங்கள் சொன்னால் கேப்பார். வாங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். நீங்கள்தானே பொறுப்பு என்றீர்கள் என்று ஒரு சொல் கேட்டிருந்தாலும் தில்லைநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. அன்றைக்கே அவள் பின்னால் போக அவருக்குத் துணிவு வரவில்லை.

விடிந்ததும் போனார். அறைக்குள் மருந்தும் சீழும் கலந்த மணம். நிருஷனின் முகம் காய்ந்து, கண் மட்டும் பளபளத்தது. கண் கூட்டு வாசலில் இருந்தது. உள்ளே சேவல் மிச்சக் குஞ்சை அணைத்துக்கொண்டு இருந்தது. குசினியில் கஜனி பானை சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பை கட்டி வாசலில் தயாராக இருந்தது.

தில்லைநாதன் கட்டில் விளிம்பில் போய் இருந்தார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"தம்பி, அது இனி வராது. மலைப்பக்கம் கறுத்திருந்தது எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சுகொண்டுதான் திறந்தனான். என்னைப் பேசு, அடி, என்னவெண்டாலும் செய். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போ."

நிருஷன் கூட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"புறா வாற வழியில, குருநாகல்ல ஒரு புறாக்காரப் பொடியன் எனக்குச் சினேகம், அண்ணை. அண்டைக்கு விடிய அவன் போன் எடுத்தவன். இங்க மழை கொட்டுது, விடவேண்டாமெண்டு சொல்லு எண்டவன். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாளைக்கெண்டால் அவளின்ர வேகம் போயிடுமெண்டு நினைச்சனான்."

தில்லைநாதன் கடற்கரையில் போட்ட அதே கணக்கைத்தான் அவனும் கட்டிலில் கிடந்து போட்டிருக்கிறான். அவனுக்காகத்தான் திறந்தேன் என்று ஒரு கிழமையாக அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரேயொரு சாட்டும் கையை விட்டுப் போயிற்று. அவனைக் கோபிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவனுடைய உணர்வில்லாத காலின் மேல் கையை வைத்தபடி இருந்தார். தான் கை வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது என்பது கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

அம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னான் நிருஷன். போன் எடுத்துச் சொன்னார். குஞ்சையும் மற்றப் புறாக்களையும் நீங்கள் பார்த்துக்கொள்ளவேணும் என்றான். ஓம் என்றார். கடைசியாகத் தலைமாட்டைக் கண்ணால் காட்டினான்.

"அந்தக் கயித்தை அவிட்டுவிடுங்கோ, அண்ணை. ஒருத்தரும் இல்லாத வீட்டில அது வந்து மணி அடிக்கக்கூடாது."

தில்லைநாதன் எழும்பி யன்னலடிக்குப் போனார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நிருஷன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சை இழுத்தபோது, மணி அடித்தது.

குசினியில் சட்டி விழுகிற சத்தம் கேட்டது. கஜனி ஓடிவந்தாள். கை முழுக்கச் சவர்க்கார நுரை, அந்தக் கையிலேயே போன், படம் எடுப்பதற்குத் திறந்தபடி. வந்த வேகத்தில் யன்னலால் எட்டிக் கூட்டைப் பார்த்தாள். பிறகு தில்லைநாதனின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். போனைச் சீலைத் தலைப்பில் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, விழுந்த சட்டியை எடுக்கப் போனாள்.