அப்பாவைக் காவல் காத்த கோடை

நான்காம் வகுப்பு முடிந்து வந்த கோடை விடுமுறையில் வீட்டில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக்காட்டும் வேலையில் இருந்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசற்கதவருகே என்னைக் கூப்பிட்டு, தலையைக் கோதிவிடுகிற சாக்கில் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் தினமும் ஒன்றையே சொல்வாள்.

“அப்பா எங்க போனாலும் கூடவே இரு கண்ணு. கண்ணுல இருந்து உட்டுறாத.”

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அப்போது வடவள்ளியைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நீளமாகக் கொஞ்சம் மண்ணும், ஒரு முருங்கை மரமும், ஆழ்குழாய்க் கிணற்றுக்காகக் கட்டிய சிறிய மோட்டார் ரூமும் உண்டு. அப்பா ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நிறம் பார்க்கும் வேலை செய்தவர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தால், அதே நிறம் நூலில் இறங்கும்வரை சாயங்களைக் கலந்து கலந்து பார்ப்பார். நிறம் என்று சொல்லவே மாட்டார், ஷேடு என்பார். என் பள்ளிச் சீருடையின் நீலம் போன வருடத்து நீலம் இல்லை என்று கடைக்காரரிடம் வாதாடியவர் அவர்.

அந்த வருடம் தை மாதத்தில் ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. யார் கேட்டாலும் உடம்பு சரியில்லைங்க என்றாள் அம்மா. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கட்டுப் போடவில்லை. உடம்பில் எந்த இடம் சரியில்லை என்று தேடித்தேடிப் பார்த்தேன். பார்க்க அவர் முன்பு போலவேதான் இருந்தார். சாப்பிடும்போது மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிடுவார். நான் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது மேலே எழும்பினால்தான் நானும் ஒரு வாய் எடுப்பேன்.

பூச்செடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அம்மாதான். ஒரு நாள் கடை முடிந்து வரும்போது காஸ்மாஸ் விதையும் ஜினியா விதையும் பாக்கெட்டில் வாங்கி வந்தாள். “ஏனுங்க, சும்மாதான இருக்கறீங்க, இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்” என்று சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். மறுநாள் அவர் மண்ணைக் கொத்தினார். விதைகள் முளைத்தன. இரண்டுமே அதிகம் கேட்காத செடிகள், வெயிலும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும். விடுமுறை தொடங்கியபோது காஸ்மாஸ் என் தோளுக்கு வளர்ந்து வெள்ளையும் ரோஸுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஜினியாக்கள் விறைப்பாக நின்று பூத்தன. அவற்றின் நிறங்களைப் பார்த்ததும் அப்பா முகத்தில் பழைய கவனம் லேசாகத் திரும்பியது. இந்த ஆரஞ்சையும் அந்த வெளிர்ப்பச்சையையும் சேர்த்தால் மாந்தளிர் ஷேடு வருமா என்று, யாரிடம் என்றில்லாமல் ஒரு நாள் கேட்டார். அதன்பிறகு கொசுவலையை வெட்டிச் சின்னச்சின்னப் பைகள் தைத்தார்.

அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் காவல். ஜினியாப் பூவின் நடுவில் மஞ்சள் நட்சத்திரங்கள்போலப் பொடிப்பூக்கள் வளையமாக விரியும். மகரந்தம் அவற்றில்தான். விதை கொடுக்கவேண்டிய பூவில் அந்த மஞ்சளை விரியும் முன்பே இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுவார். ஒவ்வொரு இதழின் அடியிலும் பாம்பின் நாக்கு மாதிரி பிளந்த ஒரு மெல்லிய நூல் நீட்டிக்கொண்டிருக்கும். வேறு நிறப் பூவின் மகரந்தத்தை என் வர்ணப்பெட்டித் தூரிகையில் தொட்டு அந்த நாக்கில் தடவுவார். தேனீ வந்து வேறு மகரந்தத்தைக் கலந்துவிடாமல் உடனே கொசுவலைப் பையை மாட்டி, காம்பில் நூலை இரட்டை முடிச்சாகப் போடுவார். காஸ்மாஸில் இவ்வளவு வேலை இல்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத பூ அது. இரண்டு நிறங்களுக்கு முதல் நாளே பை மாட்டிவைத்து, மறுநாள் முகத்தோடு முகம் உரசிவிட்டால் போதும்.

காஸ்மாஸையும் ஜினியாவையும் சேர்த்தால் என்ன வரும் என்று கேட்டேன். ஒன்றும் வராது, ரெண்டும் வேற வேற இனம் என்றார். மாந்தளிர் எப்போது வரும் என்று கேட்டேன். விதை முற்றி, அதைப் போட்டு, அது முளைத்துப் பூக்க வேண்டும், அதற்குத் தீபாவளி ஆகிவிடும் என்றார். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

அப்பாவை எதிலிருந்து காப்பது என்பதற்கு நானே ஒரு பதில் கண்டுபிடித்திருந்தேன். பாம்பு. மலையடிவாரம் என்பதால் அந்தப் பக்கம் பாம்பு வரும். காஸ்மாஸ் அடர்த்தியாக வளர்ந்து கீழே இருட்டாகக் கிடந்தது. அப்பாவோ குனிந்தால் நிமிராதவர். அதனால் ஒரு குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு செடிகளின் அடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றில் ஒரு சருகு புரண்டால் குச்சியை இறுக்கிப் பிடிப்பேன். பாம்பு வந்தால் அடிப்பேனா, ஓடுவேனா என்று எனக்கே தெரியாது. அப்பாவுக்கு மட்டும் பயமே இல்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அம்மா போட்ட இன்னொரு சட்டமும் இருந்தது. பூச்சிமருந்து அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. காஸ்மாஸ் காம்பெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தபோதும் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும்தான் கரைத்துக் கொடுத்தாள். எலிக்கு வைத்திருந்த மருந்தைக்கூடத் தூக்கி எறிந்தாள். மருந்தடித்தால் தேனீ செத்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அம்மாவுக்குத் தேனீக்கள் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கோபிசெட்டிபாளையத்தில் வாழை போட்டிருந்தார். அப்பாவைப் பற்றி அம்மா தன் பிறந்த வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறார் என்றுதான் மாமாவுக்குத் தெரியும். ஒருமுறை வந்தபோது அசுவினியைப் பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணிக்கெல்லாம் இது அசையாது என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்தமுறை டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்கக் கோயமுத்தூர் வந்தவர், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தார். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

“ஒருக்கா அடிச்சாப் போதுமுங்க மாப்ள, ஒரு பூச்சி நிக்காது. பாப்பா கையில மட்டும் படாமப் பாத்துக்கோங்க.”

அப்பா, சரிங்க மச்சான் என்றார். மாமாவே அதை மோட்டார் ரூமில் ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். நல்ல மனிதர். தங்கை வீட்டுச் செடிக்காக அவ்வளவு தூரம் தூக்கி வந்திருந்தார்.

அவர் போனபிறகு அப்பா பூக்களிடம் போகவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டு வைத்தேன். இந்தமுறை பிசையக்கூட இல்லை. வெயில் உச்சிக்கு ஏறி, தெருவில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, என் கலைந்த முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிவிட்டார்.

“பக்கத்து ஊட்டுக்குப் போயி வெளையாடு கண்ணு. அப்பா கொஞ்சம் படுக்கறேன்.”

அந்த விடுமுறையில் அவர் என்னை எங்கேயும் போகச் சொன்னதில்லை. அம்மா இங்கேயே இருக்கச் சொன்னார்கள் என்றேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், போ என்றார். முன்வாசல் கேட் வரை போனேன். கேட்டின் கம்பி கையைச் சுட்டது. அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கட்டிலில் அப்பா இல்லை. தோட்டத்தில் இல்லை. மோட்டார் ரூமின் கதவு உள்பக்கமாகச் சாத்தியிருந்தது. மோட்டார் ஓடவில்லை. ஓடாத மோட்டாரோடு அந்த வெக்கையில் அவர் உள்ளே என்ன செய்கிறார்? பாம்பு உள்ளேதான் இருக்கிறது என்று தோன்றியது. கதவருகே போய் அப்பா என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து, “போ கண்ணு, வாரேன்” என்று கேட்டது. அது அப்பாவின் குரல்தான், ஆனால் யாருக்கோ தூரத்திலிருந்து சொல்வது மாதிரி இருந்தது. வரப்போகிறவர் வாரேன் என்று அப்படிச் சொல்லமாட்டார் என்பது மட்டும் எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அழுதால் வருவாரா? அழுது பார்த்தேன், வரவில்லை. அவர் எதற்கு வருவார் என்று யோசித்தேன். ஓடிப்போய் ஜினியாப் பாத்தியில், அவர் அதிகம் பார்த்துப் பார்த்துச் செய்த ஆரஞ்சுப் பூவின் காம்பைப் பிடித்தேன். இரட்டை முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து நூலை இழுத்தேன். பை கையோடு வந்துவிட்டது.

“அப்பா, பை அவுந்துபோச்சுங்க. தேனீ வந்து உக்காரப் போகுது. சீக்கிரம் வாங்க.”

பக்கத்துப் பூவில் நிஜமாகவே ஒரு தேனீ இருந்தது. நான் பையை உதறி உதறி அதை விரட்டிக்கொண்டே கத்தினேன். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அப்பா வெறும் காலோடு வெளியே வந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வழி தெரியாதவர் மாதிரி நின்று, பிறகு பாத்திக்கு வந்து மண்டியிட்டார். கையில் எதுவும் இல்லை. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. பையை வாங்கி மாட்டினார். நூலைக் கட்ட முடியவில்லை. நீ புடி என்றார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் கட்டினார். கட்டும்போது நூலின் நனைந்த முனையையும் அதில் என் பல் பட்ட இடத்தையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பயந்துட்டயா கண்ணு?”

பாம்புங்க என்றேன். என் பயத்துக்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முருங்கை நிழலில் உட்கார்ந்தார். அம்மா வரும்வரை அந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. கை வலித்தது. பாம்பிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

அம்மா வந்ததும், மாமா மருந்து கொண்டுவந்ததை முதலில் சொன்னேன். சட்டத்தை மீறியது நான் இல்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டுமே. அம்மா மாமாவைத் திட்டவில்லை. எங்க என்று மட்டும் கேட்டாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே மோட்டார் ரூமுக்குப் போனாள். பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி வெளியே எங்கேயோ கொண்டுபோனாள். மூடி திறந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இன்றுவரை கேட்டதும் இல்லை. திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள், கடைக்குக் கட்டிப்போகும் சேலையோடு.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் புள்ள” என்றார் அப்பா. “என்னால தனியா முடியல.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அந்த வெக்கையில் அவளுக்குக் குளிர்கிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த ஆரஞ்சுப் பூவில் விதை பிடித்தது. அடுத்து வந்த செடிகள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலான ரோஸில் பூத்தன. அவற்றின் விதையைப் போட்டபோதுதான் நிறங்கள் பிரிந்து வந்தன. அதற்குள் அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். மாத்திரைகள் பல வருடம் தொடர்ந்தன. நடுவில் கெட்ட நாட்களும் வந்தன. நான் பெரியவளான பிறகு ஒரு நாள், சின்ன வயதில் அம்மா உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போவாள் என்று அவரே கேட்டார். சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, அன்றுபோலவே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் காலையில் அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். இருவரும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டார்கள். இத்தனை நாள் கூடவே இரு என்று சொன்னவள், இன்று நீ வேண்டாம் என்கிறாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை கொடுத்த முறுக்கைத் தொடவில்லை. சாயங்காலம் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்து பின்னால் உட்கார்ந்து, அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை. எங்களை விட்டுப் போய்விடாமல் இருப்பதற்காகத்தான் அவர் அன்று என்னை விட்டுவிட்டுப் போனார் என்று எனக்கு யார் சொல்வது? ஆர்.எஸ்.புரம் போய் எனக்குத் தெரியாமல் இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.