பக்கத்துக் கரையின் காற்று

வடக்கே ஒரு நகரத்தில், வானிலையைக் கணக்கிடும் கணினிக்கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நான் காத்திருப்பது மாலை ஐந்து மணிக்கு. அப்போதுதான் கேரளக் கடற்கரையில் எங்கள் ஊரான பொழியூரிலிருந்து அண்ணன் அழைப்பான்.

"மக்கா, நாள காத்து எப்படி உண்டு?"

சொல்வேன். அவன் மீன்பிடிக்க வள்ளம் இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பான். அவ்வளவுதான் பேச்சு. பின்னால் கேட்கும் அலைச் சத்தத்துக்காக நான் எதையாவது இழுத்துக்கொண்டிருப்பேன்.

கடலையும் வானத்தையும் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பிராசஸருக்குக் கொடுப்போம். எல்லாம் ஒரே சமயத்தில் கணக்குப் போடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துத் துண்டின் ஓரத்தில் என்ன காற்று என்று கேட்டு வாங்கிய பிறகே அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். இந்தக் காத்திருப்பு எனக்கு எரிச்சல். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. சோதனையாக, சில சுற்றுகளுக்குப் பழைய விவரத்தை வைத்தே ஓடும்படி மாற்றினேன். வேகம் கூடியது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அந்தச் சோதனைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நாள பயமில்ல அண்ணா, போலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அழைத்தான். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டின் நீரோடிக் கரையில் ஒருவரிடமாவது கேட்காமல் எங்கள் ஆட்கள் வள்ளம் இறக்கமாட்டார்கள். அவனும் கேட்டிருக்கிறான்.

"நீரோடியில நல்ல பலமான காத்தாக்கும். நாங்க இறக்கல்ல. உனக்க கணக்கு தெற்றிப் போச்சு மக்கா."

கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்று பொழியூருக்கும் வந்துவிட்டது. கணக்கைத் திறந்து பார்த்தேன். என் கணக்கில் ஒரு துண்டின் விளிம்பு எங்கள் கரையை ஒட்டிப் போகிறது. பக்கத்துத் துண்டுக்குக் காற்று வந்த பிறகும் எங்கள் துண்டு பழைய சேதியோடு சும்மா இருந்திருக்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. கேட்டுவிட்டுப் போகும் பழக்கத்தில் வளர்ந்த நானே அதை வெட்டியிருக்கிறேன்.

காத்திருப்பைத் திரும்பச் சேர்த்தேன். அண்ணனிடம், "இனி எங்கிட்ட காத்து கேக்காத. அரசாங்க அறிவிப்பப் பாரு, நீரோடியில கேளு" என்றேன். "செரி" என்றான்.

அதன்பிறகு ஐந்து மணிக்குத் தொலைபேசி சும்மா கிடந்தது. நல்லதைத்தான் சொன்னேன், ஆனாலும் ஏங்கிப்போனேன். அவனுக்கு வேண்டியிருந்தது காற்றுதான், நானில்லை என்று கோபம்கூட வந்தது. ஒன்பதாம் நாள் வீம்பை விட்டு நானே அழைத்தேன்.

"என்ன அண்ணா, விளிக்கவே இல்ல?"



"காத்து கேக்காதேன்னு நீதான சொன்ன. காத்து சொல்ல எப்பவும் நீரோடியில ஆளுண்டு மக்கா. உன்ன விளிக்க, நான் வேற என்ன கேட்டு விளிக்க?"