ஏழு அறை மாத்திரை டப்பா

துபாயிலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் அப்பாவுக்கு ஒரு மாத்திரை டப்பா கொண்டுவந்தான். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை. இதயத் துடிப்பு சீராக இருக்க அப்பா பல வருஷமாக ஒரு சின்ன மாத்திரை போட்டுவந்தார். திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனியும் ஞாயிறும் கிடையாது. டாக்டர் சொன்ன முறை அது. அம்மா நிரப்பிய டப்பாவில் இரண்டு அறை காலியாகக் கிடந்தது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஹார்ட்டு சனி ஞாயிறு லீவு எடுக்குமா? அதென்ன தாலுகா ஆபீசா?"

இன்ஜினியர் மூளை அல்லவா, வைத்தியமும் தானாக வந்துவிடும். இரண்டையும் நிரப்பினான்.

"லேய் மக்கா, அந்த ரெண்டு நாளு கூடாதுண்ணு டாக்டர் சொல்லியிருக்காரு. மருந்து உடம்புல தங்கிப் போவுமாம்" என்றார் அப்பா.

"அவருக்கு ஓர்மை இல்லம்மா, நீ குடு" என்றான் அண்ணன்.

சனிக்கிழமை அப்பா மாத்திரையைத் துப்பினார். மறுநாள் அம்மாவும் அண்ணனும் மட்டி வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அப்படியொரு ஒற்றுமையை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. என் புகுந்த வீடு இருக்கும் கொட்டாரத்திலிருந்து போய்ச் சண்டை போட்டேன். "ஏட்டி, கெட்டிக்குடுத்தாச்சுல்லா, ஒனக்க சோலியப் பாரு" என்றான் அண்ணன்.

சில வாரத்தில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே குமட்டல். "எல்லாம் மஞ்சளாட்டு தெரியுது" என்றார். அவ்வளவுதான், வீடே மெடிக்கல் காலேஜ் ஆனது. மஞ்சக்காமாலை என்று தீர்ப்பு. வடசேரிச் சந்தையிலிருந்து கீழாநெல்லி வந்தது, மோரில் அரைத்துப் புகட்டினார்கள். அவர் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க யாருக்கு நேரம்? மாத்திரை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

ஒரு காலையில் தலைசுற்றி விழுந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நாடி பிடித்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஈசிஜி எடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவையும் கிட்னியையும் பார்த்தார்கள். மருந்து உடம்பில் கூடிப்போய்த் துடிப்பையே அமர்த்திக்கொண்டிருந்தது. குமட்டலும் மஞ்சளாகத் தெரிந்ததும் அதனால்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

"கடைசியா எப்ப ரத்தம் பாத்தீங்க?"

நன்றாகத்தானே இருந்தார், எதற்குப் பார்க்க?

அப்பா தெளிந்து எழுந்து உட்கார்ந்த அன்று டாக்டர் பழைய மருந்துச் சீட்டையும் டப்பாவையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சனி ஞாயிறும் மாத்திரை குடுத்தது யாரு?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நானேதான் டாக்டரே. வயசாச்சில்லா, கெழமை தெரியாம எடுத்துத் தின்னுட்டேன்."

வீட்டில் கிழமை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இனி இவரு கையில மாத்திரைய விடாதீங்க. வெவரம் தெரிஞ்சவங்க, நீங்களே பாத்துக் குடுங்க."

அண்ணன் பணிவாகத் தலையாட்டினான். அப்பா போர்வைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று.