ஜெனியின் முகத்துக்காக ஒரு லென்ஸ்: சேலையூர், பள்ளிக்கரணை, கேளம்பாக்கம் சுற்று

இந்தத் தளத்துக்கு வழக்கமாக வருபவர்கள் அருவியோ மலைப்பாதையோ இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இந்த முறை அதெல்லாம் கிடையாது. போன ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை, நான் ஸ்கூட்டரில் சுற்றியது வெறும் தென்சென்னைப் புறநகர். மொத்தம் அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில்கூட எனக்கு இவ்வளவு பரபரப்பு இருந்ததில்லை. வீடியோவுக்கு முதல் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நான் பட்டது உங்களுக்கு உதவட்டும்.

காரணம் இதுதான். என் மனைவி பியூலாவின் தங்கை ஜெனிக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். தாம்பரத்தில் எங்கள் சபையின் ஆலயத்திலேயே, மாலை நான்கு மணி ஆராதனை. என் மாமனார் டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கோவிலம்பாக்கம் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளி வைக்கலாம் என்று ஜெனி அழுதாள். மாமா ஒப்பவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ, வீடியோவுக்கு ஆள் வைத்திருந்தார்கள். மாமாவின் அறையில் உள்ள டிவிக்கு நேரலையில் காட்டும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். தீபாவளி போனஸில் வாங்கிய மிரர்லெஸ் கேமரா கையில் இருந்தது. அதோடு வந்த லென்ஸோ, சாயங்கால வெளிச்சத்தில் ஆளை நிழலாகக் காட்டும் ரகம்.

காலை ஒன்பது மணிக்குச் சேலையூரில் கிளம்பினேன். கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகக் கோவிலம்பாக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், அதனால் முக்கால் மணி நேரம் ஆனது. மாமா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே டிவியில் இணைய இணைப்பைச் சோதித்தேன். நன்றாக வந்தது. என்னென்ன காட்ட வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். பெரிய பட்டியல் வரும் என்று நினைத்தேன். அவர் தலையணையிலிருந்தே என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் காட்டணும்னு இல்ல மாப்ள. அவ வாக்குக் குடுக்கும்போது முகம் தெரியணும். அது போதும் எனக்கு."

படியிறங்கும்போது அந்த வார்த்தைதான் காதில் இருந்தது. அடுத்த நிமிடமே லென்ஸ் ஞாபகம் வந்து வண்டியை முறுக்கினேன். என் சுபாவம் அப்படி, என்ன செய்ய.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்டாண்டர்டு ஜூம் என்பது கொஞ்சம் அகலமாகவும் எடுக்கும், கொஞ்சம் கிட்டேயும் இழுக்கும், அன்றாடத்துக்கான லென்ஸ். என் பட்ஜெட்டில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பழைய லென்ஸ்களில் இரண்டு ரகம் கிடைத்தது. ஒன்று 28-75 (இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாகத் தூரத்தைக் கூடுதலாக இழுக்கும்). அதன் துவாரம் பெரியது, எஃப் 2.8, மங்கிய வெளிச்சத்தில் கெட்டிக்காரன். ஆனால் தூரத்தை அதிகம் இழுக்காது. இன்னொன்று 24-105. நன்றாக இழுக்கும், கை நடுக்கத்தையும் தாங்கும். ஆனால் எஃப் 4, அதாவது முதல் லென்ஸுக்கு வருகிற வெளிச்சத்தில் பாதிதான் இதற்கு வரும். எந்தப் பக்கம் சாய்வது என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டுப் போயிருந்தது.

முதல் நிறுத்தம் பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். 28-75ஐ இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருந்தவர் ஹரிணி, ஐடி வேலை பார்க்கும் பெண். சமையல் வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது நேரமில்லை என்று விற்கிறார். விலை நாற்பத்திரண்டாயிரம். லென்ஸைக் கையில் வாங்கியதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளியே போய்ச் சோதிக்கிறேன் என்று சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலைக்கு ஓடினேன். அவரும் சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீருக்கு நடுவே பூநாரைகள் கூட்டமாக நின்றன. 75க்குத் திருகிப் பார்த்தால் திரையில் அரிசி கொட்டியது மாதிரி இருந்தது.

"சார், இது பறவைக்கான லென்ஸ் இல்ல. வீட்டுக்குள்ள வந்து பாருங்க."

வீட்டுக்குள் திரைச்சீலை போட்ட கூடத்தில் அவருடைய அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விளக்குகூடப் போடவில்லை. கேமராவைத் திருப்பினேன். அம்மாவின் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அசந்துபோனேன். ஆனாலும் மனசு பூநாரையிலேயே மாட்டிக்கொண்டது. தூரம் போதாது, தூரம் போதாது என்று உள்ளே ஒரு குரல். எங்கள் ஆலயத்தில் வீடியோ எடுப்பவர்கள் ஆராதனை நேரத்தில் முதல் பெஞ்சைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அங்கிருந்து பலிபீடப் படி வரை எத்தனை அடி என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன். கணக்கு 105தான் வேண்டும் என்றது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேளச்சேரியிலிருந்து இன்னொருவர் ஞாயிறு மாலை பார்க்க வருவதாக ஹரிணி சொன்னார்.

அங்கிருந்து சோழிங்கநல்லூர் போய், பழைய மகாபலிபுரம் சாலையில் கேளம்பாக்கம். இருபத்து நான்கு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வெயில் நேரத்தில் இந்தச் சாலையில் இருசக்கர வண்டியில் போகிறவர்கள் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நாவலூரில் நான் குடித்த கரும்புச் சாறு முப்பது ரூபாய், ஐஸ் போடாமல் கேட்டு வாங்கினேன்.

கேளம்பாக்கத்தில் 24-105 விற்கும் முருகன் அண்ணன் பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். சந்திப்புக்குப் பக்கத்தில் மாடியில் ஸ்டூடியோ. 24-105ஐ மாட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தார். கீழே நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையிலிருந்து கண்டக்டரின் சட்டைப் பை வரை ஒரே இழுப்பில் போனேன். கை ஆடியும் படம் ஆடவில்லை. சின்னப் பையன் மாதிரி கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன், டீ கொண்டு வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணு கையில கீதுன்னா போதும் சார். மண்டபத்துல கூட்டத்துக்குப் பின்னால நின்னுகினே பொண்ணு மூஞ்ச புடிச்சிடலாம். கண்ணுல தண்ணி வந்தாகூட தெரியும்."

கண்ணில் தண்ணீர் வந்தால்கூடத் தெரியும். எனக்கு வேறென்ன வேண்டும்? நாற்பத்தெட்டாயிரம் சொன்னார். அதையே கொடுத்தேன். பிடிக்காவிட்டால் நாளைக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக அவராகவே சொன்னார். அது எதற்கு என்று பெருமையாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது வண்டலூர் சாலை. கேளம்பாக்கத்திலிருந்து தாம்பரம் இருபத்தேழு கிலோமீட்டர், போன வழியைவிட எவ்வளவோ மேல். மாம்பாக்கத்தில் வண்டியை நிறுத்தி ஏரியை எடுத்தேன், எருமையை எடுத்தேன், டீக்கடையில் ஆற்றப்படும் டீயை எடுத்தேன். டீ பதினைந்து ரூபாய். எல்லாமே பிரமாதமாக வந்தது. ஐந்து மணிக்கு ஆலய வாசலில் பியூலா காத்திருந்தாள். பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள், அன்று பயிற்சிக்கு வந்திருந்தாள். ஜெனி நிற்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நில்லேன் என்றேன். முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் கேமரா முக்காலியை வைத்து, 105க்கு இழுத்து, குவியத்தைச் சரிசெய்தேன்.

திரையில் பியூலாவின் பின்னல் தெரிந்தது. அதில் வைத்திருந்த கிளிப் தெளிவாகத் தெரிந்தது.

"பியூலா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

"ஏங்க, ஜெனி ஆயரைப் பாத்துதானே நிப்பா? உங்களப் பாத்து எதுக்கு நிப்பா?"

ஒரு நிமிடம் ஆலயமே சுற்றியது. முருகன் அண்ணன் சொன்னது மண்டபத்துக் கல்யாணம். அங்கே பொண்ணும் மாப்பிள்ளையும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆலயக் கல்யாணங்களில் இருவரும் பலிபீடத்தைப் பார்த்து நிற்பார்கள், சபைக்குக் கிடைப்பது முதுகு. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நாங்கள் இருவரும் இதே இடத்தில் நின்றுதான் கல்யாணம் பண்ணிக்கொண்டோம். எங்கள் வீடியோவில் இருபது நிமிடம் என் கோட்டின் முதுகும், பியூலாவின் தலையில் போட்ட வெள்ளை நெட்டும்தான் இருக்கும். வருடா வருடம் போட்டுப் பார்த்துச் சிரிப்போம். அடி கணக்கைச் சரியாகப் போட்ட வாத்தியார் திசையைக் கோட்டை விட்டார். போதாக்குறைக்கு அந்த மங்கிய வெளிச்சத்தில் எஃப் 4க்குப் படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி வேறு.

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மாமா கேட்டது ஒன்றே ஒன்று. பியூலா படியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு பலிபீடத்துக்கு வலப்பக்கம் இரண்டு படி உயரத்தில் இருக்கும் பாடகர் குழுவின் பெஞ்சைக் காட்டி, அங்கே இருந்துதான் பொண்ணு முகத்தை நான் எப்பவும் பார்ப்பேன் என்றாள். ஓடிப்போய் அங்கே நின்றேன். அவள் ஜெனி நிற்க வேண்டிய இடத்துக்குத் திரும்பப் போனாள். நேர் எதிரே, பத்துப் பன்னிரண்டு அடியில், அவள் முகம். இங்கே 105 எதற்கு? 75 தாராளம். வேண்டியது வெளிச்சம்தான். அவரைக்காய் நறுக்கிய அம்மாவின் இமை என் கண்முன் வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பிடித்தோம். வீடியோக்காரருக்குச் சட்டம் சட்டம்தான் என்றார். பாடகர் குழு பெஞ்சில் பாடகர் குழுவினர் மட்டும்தான். பக்கத்தில் நின்ற குழுத் தலைவி டெய்சி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேஸ்ல ஒரு ஆள் குறையுது ஐயா. இவர் வந்து உக்காரட்டும். ஆனா உக்காந்தா பாடணும்."

ஆயர் சிரித்துவிட்டார். பேஸ் என்பது ஆண்களின் கீழ்க்குரல்; நான் கடைசியாகப் பாடியதோ சின்ன வயதில், ஞாயிறு பள்ளியில். எது வேண்டுமானாலும் பாடுகிறேன் என்றேன்.

மத்தியானமே கேளம்பாக்கம் பறந்தேன். முருகன் அண்ணனிடம் கதையைச் சொன்னேன். "இன்னா சார் இது, முதுக காட்டிகினா தாலி கட்டுவாங்க?" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சு மாறாமல் பணத்தைக் கையில் வைத்தார். பள்ளிக்கரணை போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வேளச்சேரிக்காரர் வருவதற்குள் 28-75 என் பைக்குள் போய்விட்டது. ஹரிணியின் அம்மா எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மேடவாக்கம் நெரிசலில் நின்றபடி பேஸ் வரியைச் சத்தமாகப் பாடிப் பார்த்தேன். பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இரண்டு வாரம், ஐந்து பயிற்சி. கல்யாணத்தன்று வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, பாட்டுத் தாள் வைக்கும் தாங்கிக்குப் பின்னால் முக்காலியை மறைத்து வைத்து நின்றேன். கேமராவிலிருந்து ஒரு வயர் கீழே இருந்த லேப்டாப்புக்குப் போனது. வலது கை ஜூமில், இடது கையில் பாட்டு. ஜெனி படியேறி வந்து நின்றபோது 28இல் இருந்தேன். வாக்குக் கொடுக்க வாய் திறந்தபோது மெதுவாக 75க்குத் திருகினேன். குரல் பாதியில் நின்றது. ஒரு கணம் ஆயரை விட்டுவிட்டு நேராக லென்ஸைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு மீதியைச் சொல்லி முடித்தாள்.

இதே மாதிரி லென்ஸ் தேடி அலையப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். காலையில் கிளம்பினால் இந்தச் சுற்று ஒரு நாளில் முடியும். எனக்குப் பெட்ரோல் நூற்று அறுபது ரூபாய் ஆனது. பழைய லென்ஸ் வாங்கும்போது கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும். ஜூம் வளையத்தை மெதுவாகத் திருகி நடுவில் இடறுகிறதா என்று பாருங்கள். ஏரி, எருமை, பூநாரையை எல்லாம் எடுத்து ஏமாறாதீர்கள். எங்கே எடுக்கப் போகிறீர்களோ அங்கேயே, அதே நேரத்தில் போய், ஒரு ஆளை நிறுத்திப் பாருங்கள். அந்த ஆள் உங்கள் மனைவியாக இருந்தால் இன்னும் நல்லது.

வரவேற்பு முடிந்ததும் பொண்ணு, மாப்பிள்ளை எல்லோரும் நேராகக் கோவிலம்பாக்கம் போனோம். ஜெனி கல்யாணப் புடவையோடு மாமாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் பேஸ் குரல் மைக்கில் எல்லாரையும் அமுக்கிவிட்டது என்று முதலில் புகார் சொன்னார். அதற்கப்புறம்தான் இதைச் சொன்னார்.

"அழுகை வர்றதுக்கு முன்னாடி இவ கீழ் உதட்டக் கடிப்பா மாப்ள. சின்னதுலேர்ந்தே. அது தெரிஞ்சுது."

பக்கத்தில் ஜெனி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேமரா என் தோளில்தான் தொங்கியது. மூடியைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை.